வீட்டார் துணையில்லாமல் யூனிக்குப் போகிறவர்களுக்கு: கடிதம், கடன், கூரை

இங்கிலாந்தில் பல்கலைக்கழகம் போகும் பிள்ளைக்குப் பின்னால் அம்மா அப்பா நிற்பார்கள் என்று மூன்று இடங்களில் கேட்காமலே எடுத்துக்கொள்கிறார்கள். கடனைக் கணக்குப் பார்க்கும்போது ஒன்று. வாடகை வீட்டுக்குப் பிணைக் கையெழுத்துக் கேட்கும்போது ஒன்று. ஜூன் மாதம் விடுதி அறையைக் காலி செய்யச் சொல்லும்போது ஒன்று. மூன்றுக்கும் மாற்று வழி இருக்கிறது. ஆனால் அது தானாக வந்து சேராது. வீட்டாரோடு எனக்குத் தொடர்பு இல்லை என்று நீங்கள் வாய் திறந்து சொல்லவேண்டும், சொன்னதை ஒரு தாளில் காட்டவும் வேண்டும்.

நம் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இங்கேதான் முதல் இடறல். வீட்டு விஷயம் வெளியே போகக்கூடாது என்று பழகிப் பழகி, பள்ளிக்கூடத்திலும் சொல்லாமல், டாக்டரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டு, 18 வயதில் ஒரு பையோடு வெளியே வந்து நிற்கும்போது நடந்ததற்கு ஒரு துண்டுச் சீட்டுக்கூட இருக்காது. அதனால் காசு, அறை எல்லாவற்றுக்கும் முன்னால் கடிதத்தைப் பற்றி எழுதுகிறேன்.

இங்கே சொல்வது இங்கிலாந்து விதிகள். ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றுக்கும் தனித்தனி நிதி அமைப்புகள் உண்டு. அங்கே வசிப்பவர்கள் அந்தந்த அமைப்பின் விதியைத்தான் பார்க்கவேண்டும். கடன் தொகைகள் 2025-26 கல்வியாண்டுக்கானவை.

கையெழுத்துப் போட ஓர் ஆள்

மாணவர் கடன் கொடுக்கும் அரச அமைப்பான ஸ்டூடன்ட் ஃபினான்ஸ் இங்கிலாந்து உங்களைப் பெற்றோரிடமிருந்து நிரந்தரமாகப் பிரிந்தவர், அதாவது ‘எஸ்ட்ரேஞ்ட்’ என்று ஏற்றுக்கொள்ள, அதற்கென்றே உள்ள படிவத்தில் உங்கள் நிலைமை தெரிந்த, பொறுப்பான பதவியில் உள்ள ஒருவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஆசிரியர், ஜீபி (குடும்ப டாக்டர்), சமூக சேவையாளர், ஆலோசகர், பொலிஸ் அதிகாரி, மதகுரு போன்றவர்கள். நண்பர்களும் உறவினர்களும் எழுதுவதை இதற்குரிய அத்தாட்சியாக எடுக்கமாட்டார்கள். உங்களை வைத்துப் பார்த்துக்கொண்ட சித்திக்கு எல்லாம் தெரிந்திருக்கும், ஆனாலும் அவருடைய கையெழுத்து இங்கே உதவாது.

ஆக, பள்ளியின் கடைசி இரண்டு வருடங்களில் இருப்பவர் இன்றைக்கே ஒரு ஆளிடமாவது சொல்லிவைக்க வேண்டும். சிக்ஸ்த் ஃபோர்ம் பொறுப்பாசிரியர் நல்ல தெரிவு. பிள்ளைகள் பாதுகாப்புக்குப் பொறுப்பான ஆசிரியர் ஒருவர் எல்லாப் பள்ளியிலும் இருப்பார், அவரிடம் சொல்வது இன்னும் நல்லது, ஏனென்றால் அவர் கேட்டதைத் திகதி போட்டுப் பதிவு செய்வார். ஒன்றரை வருடம் கழித்து அந்தப் பதிவே உங்கள் அத்தாட்சி. ஜீபியிடம் நித்திரை வரவில்லை என்று மட்டும் சொல்லாமல், ஏன் வரவில்லை என்பதையும் சொல்லுங்கள். மருத்துவக் குறிப்பில் அது ஏறும்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியரையோ கோயில் ஐயரையோ கேட்கலாமா என்றால், விதி தடுக்காது. ஆனால் அவர் உங்கள் பெற்றோரோடும் கதைத்துப் பழகுபவராக இருந்தால் வேண்டாம். நல்ல மனதோடு சமாதானம் செய்துவைக்கிறேன் என்று கிளம்பி, நீங்கள் எந்த ஊரில், எந்த யூனியில் படிக்கிறீர்கள் என்பதை வீட்டில் போய்ச் சொல்லிவிடக்கூடும்.

கடிதத்தில் என்ன இருக்கவேண்டும் என்பதையும் எழுதுபவருக்குச் சொல்லிக்கொடுங்கள், ஏனென்றால் நல்ல ஆசிரியர்களே இங்கு தவறவிடுகிறார்கள். “இந்த மாணவி கெட்டிக்காரி, வீட்டில் கஷ்டம்” என்ற வகைக் கடிதம் திரும்பி வரும். தேவைப்படுபவை இவை: எழுதுபவர் உங்களை எவ்வளவு காலமாக, எந்தப் பதவியில் அறிவார், தாயோடு கடைசித் தொடர்பு எப்போது, தந்தையோடு எப்போது, பிரிவுக்குக் காரணம் என்ன, அது ஏன் மாறப்போவதில்லை. தாய், தந்தை இருவரையும் தனித்தனியே குறிப்பிட வேண்டும். அப்பாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிட்டு அம்மாவைப் பற்றி ஒரு வரியும் எழுதாததால் இழுபடும் விண்ணப்பங்கள் உண்டு. அம்மாவோடு தொடர்பு இருந்தால், அவருடைய வருமானத்தைத்தான் கேட்பார்கள்.

தொடர்பு இல்லாமல் எவ்வளவு காலம் இருக்கவேண்டும்? ஒரு வருடம் அல்லது அதற்கு மேல் பேச்சும் எழுத்தும் இல்லை என்றால் முடிவு எளிதாக வரும். அதைவிடக் குறைந்த காலம் என்பதற்காகவே மறுக்கக்கூடாது. வன்முறை, கட்டாயத் திருமண அச்சுறுத்தல், வீட்டை விட்டுத் துரத்தியது போன்றவை இருந்தால் பொலிஸ் குறிப்பு எண்ணையோ சமூக சேவைப் பிரிவின் கடிதத்தையோ சேர்த்து அனுப்புங்கள். பெற்றோரோடு ஒத்துவரவில்லை, அவர்கள் வருமான விவரம் தர மறுக்கிறார்கள், நான் தனியே வாழ்கிறேன் என்ற மூன்றும் தனியாகப் போதாது. வருமானத்தை மறைக்கும் பெற்றோரால் எத்தனையோ பிள்ளைகள் உண்மையாகவே தவிக்கிறார்கள். விதி அவர்களுக்கு இடம் கொடுக்கவில்லை என்பது எனக்குப் பெரிய அநியாயமாகவே படுகிறது. அப்படியானவர்கள் யூனியின் அவசர நிதியைத்தான் நாடவேண்டும்.

கடன் கணக்கு

படிப்புக் கட்டணத்துக்கான டியூஷன் ஃபீ லோன் யாருடைய வருமானத்தையும் பார்ப்பதில்லை. தகுதி இருந்தால் முழுத்தொகையும் யூனிக்கு நேரே போகும். பெற்றோரின் வருமானம் புகுவது வாழ்க்கைச் செலவுக்கான மெயின்டனன்ஸ் லோனில்தான். லண்டனுக்கு வெளியே, வீட்டை விட்டு வேறிடத்தில் தங்கிப் படிப்பவருக்கு இதன் உச்சத் தொகை 10,544 பவுண். லண்டனில் 13,762 பவுண். பெற்றோரின் வருமான விவரமே இல்லாமல் விண்ணப்பித்தால் லண்டனுக்கு வெளியே 4,915 பவுண்தான் கிடைக்கும். பல ஊர்களில் அது விடுதி வாடகைக்கே போதாது.

சுயாதீன மாணவர் என்று ஏற்றுக்கொண்டால் உங்கள் சொந்த வருமானத்தை வைத்தே கணக்குப் பார்ப்பார்கள், பெரும்பாலும் உச்சத் தொகையே கிடைக்கும். எஸ்ட்ரேஞ்ட் என்பது அதற்கு ஒரு வழி மட்டும்தான். கல்வியாண்டு தொடங்கும்போது 25 வயது ஆகிவிட்டவர், பெற்றோர் இருவரையும் இழந்தவர், உள்ளூராட்சி சபையான கவுன்சிலின் பராமரிப்பிலிருந்து வந்தவர், 18 வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர், திருமணமானவர், படிப்புக்கு முன் மொத்தம் மூன்று வருடங்கள் உழைத்துத் தன்னைத் தானே பார்த்துக்கொண்டவர் ஆகியோருக்கும் இந்த நிலை உண்டு. 22 வயதில் யூனிக்குப் போகிறவர், 18 வயது முதல் வேலை செய்த சம்பளச் சீட்டுகளைச் சேர்த்து வைத்திருந்தால், வீட்டுக் கதையையே சொல்லாமல் கடைசி வழியில் போய்விடலாம். அதில் மனவலி குறைவு.

விண்ணப்பத்தைப் படிப்பு தொடங்கும் வருடத்தின் வசந்த காலத்திலேயே போடுங்கள். எஸ்ட்ரேஞ்ட் அத்தாட்சியை ஒரு மனிதர் வாசித்து முடிவெடுக்க வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் போட்டால் செப்டம்பரில் வெறுங்கையோடு போய் இறங்க நேரும். அப்படித் தாமதமாகிவிட்டால், விண்ணப்பத்தை நிறுத்தி வைக்காமல் வருமானம் பார்க்காத குறைந்த தொகைக்காவது அனுமதி வாங்கிக்கொண்டு, அத்தாட்சி ஏற்கப்பட்டதும் மறுகணக்குக் கேளுங்கள். விட்டுப்போன தொகை பின்னர் சேர்ந்து வரும்.

நிலைமை மாறவில்லை என்பதை அடுத்த வருடங்களிலும் உறுதிப்படுத்தக் கேட்கலாம். அம்மா அனுப்பிய பிறந்தநாள் குறுஞ்செய்திக்கு நீங்கள் “நன்றி” என்று பதில் போட்டதை மறைக்கத் தேவையில்லை, அதனால் மட்டும் உறவு மீண்டுவிட்டது என்று ஆகாது. மறைத்து, பின்னர் தெரியவந்தால்தான் பிரச்சினை. படிவத்தின் நகல், கடிதத்தின் நகல், அனுப்பிய திகதி மூன்றையும் ஒரே இடத்தில் வைத்திருங்கள். அதே கடிதம் யூனியின் பேர்சரிக்கும் (திருப்பிக் கட்டத் தேவையில்லாத உதவித்தொகை) விடுதிக்கும் கவுன்சிலுக்கும் உதவும்.

கவுன்சில் பராமரிப்பில் இருந்தவர்கள்

இவர்களுக்குச் சட்டம் இன்னும் உறுதியாக நிற்கிறது. 14 வயதுக்குப் பிறகு மொத்தம் 13 வாரங்களாவது கவுன்சில் பராமரிப்பில் இருந்து, அதில் ஒரு பகுதி 16 வயதுக்குப் பின்னும் தொடர்ந்திருந்தால், 25 வயது வரை கவுன்சில் அமர்த்தும் பர்சனல் அட்வைசர் (தனி ஆலோசகர்) ஒருவரின் உதவியைக் கேட்கும் உரிமை உண்டு. பட்டப்படிப்புக்குக் கவுன்சில் 2,000 பவுண் பேர்சரி தரவேண்டும். இது கடன் அல்ல. விடுமுறையில் தங்க இடமில்லை என்றால் அதற்கு இடமோ செலவோ கொடுக்கும் கடமையும் கவுன்சிலுக்கே, 1989 ஆம் ஆண்டின் சில்ட்ரன் அக்ட் அப்படிச் சொல்கிறது. தனியே வீடு அமைக்கும்போது கிடைக்கும் உதவித்தொகையை 2023 இல் 3,000 பவுணாக உயர்த்தினார்கள்.

மாமா வீட்டில், பெரியம்மா வீட்டில் குடும்ப ஒழுங்கில் வளர்ந்தது இதில் சேராது. கவுன்சில் உங்களை அங்கே வைத்ததா, குடும்பமே பேசி முடித்ததா என்பதுதான் கேள்வி. சமூக சேவையாளர் வந்து போனதாக நினைவிருந்தால், உங்கள் கோப்பைக் கவுன்சிலிடம் எழுத்தில் கேட்டு வாங்கிப் பாருங்கள். உங்களைப் பற்றிய பதிவைப் பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு, அதற்குக் கட்டணமும் இல்லை.

இன்னும் 18 ஆகாதவர் வீட்டிலிருந்து துரத்தப்பட்டால், வீடமைப்புப் பிரிவுக்கு அல்ல, பிள்ளைகள் சேவைப் பிரிவுக்குப் போகவேண்டும். 2009 இல் சதர்க் கவுன்சிலுக்கு எதிரான வழக்கில், 16, 17 வயதில் வீடற்றுப் போனவரை அதே சில்ட்ரன் அக்டின் 20 ஆம் பிரிவின் கீழ் பராமரிப்பில் எடுக்கும் கடமை பிள்ளைகள் சேவைக்கே உண்டு என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. “17 ஆம் பிரிவில் உதவுகிறோம்”, அதாவது பராமரிப்பில் எடுக்காமலே உதவுகிறோம் என்று சொல்லி ஒரு ஹொஸ்டலில் விட்டுவிடப் பார்ப்பார்கள். அதற்கு ஒப்புக்கொள்ளும் முன் சட்ட ஆலோசனை கேளுங்கள். 20 ஆம் பிரிவில் 13 வாரம் இருந்தால் மேலே சொன்ன அத்தனையும் பின்னால் வரும், 17 ஆம் பிரிவில் ஒன்றும் வராது. எந்தப் பிரிவு என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குவது அவ்வளவு முக்கியம்.

யூனியிடம் கேட்பது

எல்லா யூனிகளுக்கும் பொதுவாக விண்ணப்பம் வாங்கும் யூகாஸின் படிவத்தில் பராமரிப்பு அனுபவம், பெற்றோரைப் பிரிந்த நிலை இரண்டுக்கும் கேள்விகள் உண்டு. ஆமென்று குறித்தால் இடம் மறுப்பார்களோ என்று பயப்படுகிறார்கள். மறுப்பதற்காகக் கேட்பதில்லை, சில யூனிகள் அதை வைத்துக் குறைந்த புள்ளிக்கும் இடம் தருகின்றன. கேட்காத யூனியில் நீங்களே மின்னஞ்சல் எழுதுங்கள். பெரும்பாலான இடங்களில் இப்படியான மாணவர்களுக்கென்றே ஒரு தொடர்பு அலுவலர் இருப்பார். பராமரிப்பில் இருந்தவர்களுக்கான பிகம் என்ற தொண்டு அமைப்பு நடத்தும் ‘ப்ரொபெல்’ இணையத்தளத்தில் யூனி வாரியாக என்ன உதவி, யாரைத் தொடர்புகொள்வது என்று போட்டிருக்கிறார்கள். விண்ணப்பத்தில் போடும் ஐந்து தெரிவையும் முடிவு செய்யும் முன் அதைப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் யூனிக்கு யூனி வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும்.

கேட்கவேண்டிய கேள்விகள் குறிப்பானவையாக இருக்கட்டும். பேர்சரி எவ்வளவு, எந்த மாதங்களில் வரும்? நானே விண்ணப்பிக்க வேண்டுமா, ஸ்டூடன்ட் ஃபினான்ஸ் தரவிலிருந்து தானாகவா? வருடம் முழுவதும் இருக்கும் அறை உண்டா, எல்லா வருடமும் உண்டா, முதல் வருடம் மட்டுமா? பிணைக்கு யூனியே நிற்குமா? முதல் வாரத்துக்கு முன்பணம் கிடைக்குமா?

கடைசிக் கேள்விக்குக் காரணம் இருக்கிறது. கடனின் முதல் தவணை யூனியில் பதிவு உறுதியான பிறகே வங்கிக்கு வரும், அதற்குச் சில வேலை நாட்கள் எடுக்கும். ஆனால் போர்வை, தலையணை, சட்டி, ரயில், விடுதி டெபாசிட் எல்லாம் அதற்கு முன்னாலே வேண்டும். மற்றப் பிள்ளைகளை அப்பா காரில் ஏற்றி வந்து இறக்கிவிடும் வாரம் அது. தொடர்பு அலுவலரிடம் ஆகஸ்டிலேயே சொன்னால், டெபாசிட்டைத் தள்ளிவைப்பது, வாடகைத் தவணையைக் கடன் வரும் நாளுக்கு மாற்றுவது, படுக்கை விரிப்பும் பாத்திரமும் கொடுப்பது போன்றவற்றைச் செய்ய முடியும். செப்டம்பர் இறுதியில் சொன்னால் எல்லாரும் வரிசையில் நிற்பார்கள்.

யூனியின் அவசர நிதியான ஹார்ட்ஷிப் ஃபண்டுக்கு வழக்கமாக மூன்று மாத வங்கி அறிக்கை கேட்பார்கள். சில படிவங்கள் பெற்றோர் தரும் பங்கு என்று ஒரு தொகையைத் தாங்களே கற்பனையாகச் சேர்த்துவிடும். சுயாதீன மாணவர் என்ற முடிவுக் கடிதத்தை இணைத்து, அந்தத் தொகையை நீக்கச் சொல்லி எழுதுங்கள். மனநோய் உட்பட நீண்டகால நோய் இருந்தால், வருமானம் பார்க்காத டிசேபிள்ட் ஸ்டூடன்ட்ஸ் அலவன்சுக்கும் விண்ணப்பிக்கலாம். வீட்டில் நடந்தவற்றால் வந்த மன அழுத்தத்துக்கும் அது பொருந்தும், மருத்துவ அத்தாட்சி இருந்தால் போதும்.

பெற்றோரைப் பிரிந்தவர்களுக்கு உதவிய ‘ஸ்டாண்ட் அலோன்’ என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடர்புகொள்ளச் சொல்லும் பக்கங்கள் இன்னும் இணையத்தில் கிடக்கின்றன. அது மூடப்பட்டுவிட்டது, பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம்.

பிணைக் கையெழுத்து

யூனி நேரடியாக நடத்தும் விடுதிகள் பல கேரண்டர் (பிணை நிற்பவர்) கேட்பதில்லை. தனியார் விடுதிகளும் வீட்டுச் சொந்தக்காரர்களும் பிரித்தானியாவில் வசிக்கும், நிலையான வருமானம் உள்ள ஒருவரைக் கேட்பார்கள். யாரும் இல்லை என்றால் ஆறு மாத, ஒரு வருட வாடகையை முன்கூட்டிக் கட்டு என்பதுதான் இதுவரை சொன்ன மாற்று. அந்தக் காசு உள்ளவருக்கு ஏன் இந்தப் பாடு. வாடகைக்கு இருப்பவர்களின் உரிமைக்கான ரென்டர்ஸ் ரைட்ஸ் சட்டப்படி 2026 மே 1 முதல் சாதாரணத் தனியார் வாடகையில் ஒரு மாதத்துக்கு மேல் முன்வாடகை கேட்க முடியாது. நல்லதுதான், ஆனால் கேரண்டர் கேட்பதைச் சட்டம் தடுக்கவில்லை, ஆகவே அந்த அழுத்தம் கூடும். அங்கீகரிக்கப்பட்ட நடத்தை விதிக்கோவையில் சேர்ந்த மாணவர் விடுதிகளுக்குப் புதிய விதி பொருந்தாது என்பதையும் கவனியுங்கள்.

வழிகள் இந்த ஒழுங்கில். முதலில் யூனியின் பிணைத் திட்டம். எல்லா யூனியிலும் இல்லை, இருக்கும் இடத்திலும் வருடாந்த முடிவுத் திகதி இருக்கும். கவுன்சில் பராமரிப்பிலிருந்து வந்தவர்களுக்குச் சில கவுன்சில்களே பிணை நிற்கின்றன, பர்சனல் அட்வைசரிடம் கேளுங்கள். கடைசியாகக் கட்டணம் வாங்கிப் பிணை நிற்கும் நிறுவனங்கள். அந்தக் கட்டணம் திரும்பி வராது. நீங்கள் வாடகை தவறினால் நிறுவனம் வீட்டுக்காரருக்குக் கட்டிவிட்டு உங்களிடம் வசூலிக்கும். அது உங்களுக்கான காப்புறுதி அல்ல. கட்டணத்தை யூனியின் நிதியிலிருந்து கேட்டுப் பெறலாம்.

தெரிந்த ஒருவர் மனமிரங்கிக் கையெழுத்திட முன்வந்தால், அவரைக் காப்பது உங்கள் பொறுப்பு. ஐந்து பேர் சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தில் எடுத்த வீட்டில் ஒருவர் ஓடிப்போனால் அவருடைய வாடகைக்கும் மற்ற நால்வரும், அவர்களுக்குப் பிணை நின்றவர்களும் பொறுப்பாகலாம். பிணை உங்கள் பங்குக்கு மட்டும், இந்த ஒப்பந்தத்துக்கு மட்டும் என்று தாளில் எழுதச் சொல்லுங்கள். முடிந்தால் அறைக்குத் தனி ஒப்பந்தம் தரும் வீட்டையே எடுங்கள்.

டெபாசிட் பொதுவாக ஐந்து வார வாடகைக்கு மேல் போகக்கூடாது. அறையைப் பிடித்து வைக்கக் கொடுக்கும் முன்பணம் ஒரு வாரத்துக்கு மேல் கூடாது. டெபாசிட்டை 30 நாளுக்குள் பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் போட்டு உங்களுக்கு அறிவிக்க வேண்டும். இவை தனியார் வாடகை வீடுகளுக்கான விதிகள்.

கோடை

உண்மையான பள்ளம் இதுதான். கடனின் மூன்றாம் தவணை ஏப்ரல், மே அளவில் வரும். அடுத்தது செப்டம்பர் இறுதியில். நடுவில் ஐந்து மாதம், அதில் இரண்டு மூன்று மாதம் அறையும் இருக்காது. 40 முதல் 44 வார ஒப்பந்தம் என்றால் ஜூன், ஜூலையில் வெளியேற வேண்டும். சாப்பாட்டோடு வரும் விடுதிகளில் சில, நத்தாருக்கும் ஈஸ்டருக்கும்கூட அறையைக் காலி செய்யச் சொல்லும்.

அதனால் விடுதி தெரிவு செய்யும்போது வாரக் கணக்கை முதலில் பாருங்கள், வாடகையை அடுத்துப் பாருங்கள். 51 வார அறை மொத்தத்தில் விலை கூடியதாகத் தெரியும். ஆனால் கோடையில் தினக் கணக்கில் எடுக்கும் அறையோடும், பொருட்களைக் கிடங்கில் வைக்கும் செலவோடும் ஒப்பிட்டால் அதுவே மலிவு. 51 வாரத்திலும் ஒரு வாரம் துண்டு விழும்: பழைய ஒப்பந்தம் சனிக்கிழமை முடிந்து புதியது அடுத்த சனிக்கிழமைதான் தொடங்கும். இரண்டும் ஒரே யூனியின் விடுதி என்றால், பொருட்களோடு அந்த வாரமும் இருக்கவிடச் சொல்லி மே மாதமே எழுதுங்கள். பெரும்பாலும் விடுவார்கள், கேட்காதவரை யாருக்கும் அது நினைவிலேயே இருக்காது.

யுனைட் ஃபவுண்டேஷன் தரும் உதவித்தொகை இந்தப் பள்ளத்தை முழுதாக அடைக்கிறது: பராமரிப்பு அனுபவம் உள்ளவர்களுக்கும் பெற்றோரைப் பிரிந்தவர்களுக்கும், மூன்று வருடம் வரை, வருடத்தின் 365 நாளும் வாடகையில்லா அறை. கூட்டுச் சேர்ந்த யூனிகளில் படிப்பவர்களுக்கு மட்டும்தான், வயது வரம்பும் உண்டு, இடங்களும் குறைவு. யூனி தெரிவு செய்யும்போதே அந்தப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

காசுக்கு, மூன்றாம் தவணை வந்த அன்றே அதை ஐந்தாகப் பிரித்து நான்கு பங்கை வேறு கணக்கில் போடுவது ஒன்று. ஜூலை, ஆகஸ்டில் விடுதிகளில் மாநாடுகளுக்கும் கோடைப் பள்ளிகளுக்கும் ஆள் எடுப்பார்கள். சில வேலைகளுக்குத் தங்குமிடமும் சேரும், ஆனால் ஆளெடுப்பு மார்ச்சிலேயே முடிந்துவிடும். முழுநேர மாணவருக்கு அரசின் உதவிப்பணமான யூனிவர்சல் கிரெடிட் கோடையிலும் பொதுவாகக் கிடையாது. பிள்ளை உள்ளவர்கள் போன்ற சில விலக்குகள் மட்டும். பெற்றோர் துணையில்லாதவர்களுக்கான விலக்கு ஏ லெவல் போன்ற, யூனிக்குக் கீழான படிப்பில் 21 வயதுக்குட்பட்டவர்களுக்குத்தான். ஆக, இப்போது சிக்ஸ்த் ஃபோர்மில் தனியே இருப்பவர் அதைக் கேட்டு வாங்கவேண்டும்.

2002 செப்டம்பர் 1 க்கும் 2011 ஜனவரி 2 க்கும் இடையில் பிறந்து இங்கே வளர்ந்தவர்களில் பெரும்பாலானோர் பெயரில், குழந்தையாக இருக்கும்போதே அரசாங்கம் காசு போட்ட சைல்ட் ட்ரஸ்ட் ஃபண்ட் ஒன்று இருக்கும். 18 வயதில் அது உங்கள் காசு, பெற்றோரின் சம்மதம் தேவையில்லை. எந்த நிறுவனத்தில் இருக்கிறது என்று தெரியாவிட்டால் வரித் திணைக்களமான எச்எம்ஆர்சியின் இணையப் பக்கத்தில் இலவசமாகத் தேடலாம். தேடித் தருகிறேன் என்று பங்கு கேட்கும் கம்பனிகளுக்குக் கொடுக்காதீர்கள்.

இரவுக்கு இடமில்லை என்றால்

நண்பர்களின் சோபாவில் மாறி மாறிப் படுப்பதும் சட்டப்படி வீடற்ற நிலைதான். 56 நாளுக்குள் இடத்தை இழக்கப்போகிறீர்கள் என்றாலே கவுன்சில் உங்கள் விண்ணப்பத்தை எடுத்து, தடுக்க உதவவேண்டும். தற்காலிக இடம் தருவது முன்னுரிமை உள்ளவர்களுக்கு: 18 முதல் 20 வயது வரை பராமரிப்பிலிருந்து வந்தவர்கள், வீட்டு வன்முறையால் வீடற்றுப் போனவர்கள், கர்ப்பிணிகள், பிள்ளை உள்ளவர்கள், உடல் மன நிலையால் பாதிக்கப்படக்கூடியவர்கள். வீட்டு வன்முறை என்றால் கணவன் மனைவி மட்டுமல்ல. அப்பா, அண்ணன், மாமியார் செய்ததும் சேரும், அடி மட்டுமல்ல, மிரட்டலும் கட்டுப்படுத்தலும் சேரும். இதை வாய்விட்டுச் சொல்லாமல் “வீட்டில் சண்டை” என்று மட்டும் சொன்னால் முன்னுரிமை கைவிட்டுப் போகும். இந்த ஊரில் உனக்குத் தொடர்பு இல்லை என்று திருப்பி அனுப்பினால், கடந்த 12 மாதத்தில் 6 மாதம் அங்கே வசித்ததைக் காட்டுங்கள். விடுதியில் இருந்ததும் வசித்ததுதான். மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். மறுபரிசீலனைக்கு 21 நாள்தான் உண்டு.

கட்டாயத் திருமணத்துக்கோ குடும்ப மானத்தின் பெயரால் வரும் மிரட்டலுக்கோ கர்மா நிர்வாணா அமைப்பும் அரசின் ஃபோர்ஸ்ட் மேரேஜ் யூனிட்டும் இருக்கின்றன. தன்பால் ஈர்ப்பாலோ பாலின அடையாளத்தாலோ துரத்தப்பட்ட 16 முதல் 25 வயதினருக்கு ஏகேடி உதவும். அந்த வயதில் வேறு எந்தக் காரணத்துக்கும் சென்டர்பாயின்ட்டின் உதவி எண் உண்டு.

வீட்டாரின் கைக்கு எட்டும் கதவுகள்

நீங்கள் வளர்ந்தவர், உங்கள் அனுமதியின்றி யூனி பெற்றோருக்கு எதுவும் சொல்லக்கூடாது. ஆனால் வரவேற்பில் இருப்பவருக்கு “நான் அவளுடைய அம்மா” என்ற அழுகுரல் தொலைபேசியில் கேட்கும்போது வாய் தவறும். உங்கள் பதிவில் எச்சரிக்கைக் குறிப்புப் போடச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். அவசரத் தொடர்பாக யாருடைய பெயர் இருக்கிறது, யூகாஸ் கணக்கில் உங்கள் சார்பில் கதைக்க யாருக்கு அனுமதி கொடுத்தீர்கள், ஸ்டூடன்ட் ஃபினான்ஸ் கணக்கில் கடிதம் போகும் முகவரி எது என்று பாருங்கள்.

தொலைபேசி அப்பாவின் பெயரில் இருந்தால் புது சிம் வாங்கி, எல்லாக் கணக்கின் சரிபார்ப்பு எண்ணையும் மாற்றிய பிறகே பழையதை விடுங்கள். மாற்றாமல் விட்டால் வங்கிக்குள்ளேயே நுழைய முடியாது. தொலைபேசியின் குடும்பப் பகிர்வில் (ஃபேமிலி ஷேரிங்) இருந்து விலகுங்கள், இருப்பிடம் காட்டுவது அங்கேதான். வங்கிக் கணக்கு சிறுவயதில் பெற்றோர் திறந்ததாக இருந்தால் வேறு வங்கியில் புதிதாகத் திறப்பது பாதுகாப்பு. ஜீபியை யூனி ஊருக்கு மாற்றுங்கள். 19 வயதானால் மருந்துக்குக் காசு. வருமானம் குறைந்தவர்களுக்கான எச்.சி.1 (HC1) படிவம் போட்டால் அதுவும் பல் வைத்தியமும் குறையும் அல்லது இலவசமாகும்.

வீசாவில் இருப்பவர்கள் இதையும் பாருங்கள். பிளாஸ்டிக் அட்டை போய் இப்போது எல்லாம் இணையத்தில் இருக்கும் ஈவீசா. சிறுவயதில் திறந்த யூகேவிஐ (உள்துறையின் வீசாப் பிரிவு) கணக்கில் அப்பாவின் மின்னஞ்சலும் தொலைபேசியும் இருந்தால், உங்கள் குடிவரவு நிலையை வாடகைக்கோ வேலைக்கோ காட்ட அவர் தயவு வேண்டிவரும். உள்ளே நுழைய முடிகிறபோதே அவற்றை மாற்றுங்கள், முடியாவிட்டால் கணக்கை மீட்கும் படிவத்தை இப்போதே போடுங்கள். ஸ்டூடன்ட் வீசாவில் வந்து ஊரிலிருந்து காசு நின்றுபோனவர்களுக்கு ஸ்டூடன்ட் ஃபினான்சும் கவுன்சில் வீடும் இல்லை. ஆனால் யூனியின் ஹார்ட்ஷிப் ஃபண்ட் வீசா விதிகள் தடுக்கும் பொதுநிதிப் பட்டியலில் இல்லை, அதை வாங்குவதால் வீசாவுக்குப் பங்கம் வராது. கட்டணத் தவணை தவறும் முன்னால் யூனியின் சர்வதேச மாணவர் ஆலோசகரைப் பாருங்கள். தவறிய பிறகு பதிவை ரத்து செய்து உள்துறைக்கு அறிவிக்க வேண்டிய கட்டாயம் யூனிக்கு வந்துவிடும், அதற்குப்பின் அவர்களால் செய்யக்கூடியது மிகக் குறைவு.